வெயிலுக்கு ஒருவர், குளிருக்கு ஒருவர்

லம்துவன் அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒருமுறையாவது பல் தந்தியடிக்கும்படி குளிரில் நடுங்கிப் பார்க்க வேண்டும்.

கேட்டால் சிரிப்பு வரலாம். அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வராது. தாய்லாந்தின் வடகிழக்கில், ரோயெட் டவுனிலிருந்து கலாசின் போகிற நெடுஞ்சாலையில், எங்கள் நோங்தும் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே அவளுடைய கோழிக் கடை. பிளந்த மூங்கிலில் கோழியைச் செருகி, கரி நெருப்பில் சாய்த்து, புரட்டிப் புரட்டி வாட்டுவாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த அடுப்புக்கு முகம் காட்டி நின்றவள். முதல் புருஷன் ஒரு பாட்டுக் குழுவோடு பஸ் ஏறிப் போனவன் திரும்பி வரவில்லை. "போனவன் போகட்டும் ஒய், டேபிள் ஃபேனையும்ல தூக்கிட்டுப் போயிட்டான்" என்பதுதான் அவள் தீராத துக்கம்.

ஒய் என்பது நான்தான். அவள் வீட்டுக்கு எதிர்வீடு. முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கடையை மூடியதும் அக்கா நேராக இங்கே வந்து, ஏசிக்கு எதிரே இருக்கிற நாற்காலியில் பொத்தென்று விழுவாள். "தலைய ஒண்ணும் பண்ணாதே. சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்று கண்ணை மூடுவாள். நானும் இரக்கப்பட்டுக் குளிரைக் கூட்டிவைப்பேன். மற்ற வாடிக்கையாளர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு அவளை முறைப்பார்கள்.

அந்த வருஷம் கோடையில் பாங்காக் பஸ் ஒன்று சரியாக அவள் கடை வாசலில் வந்து புகை கக்கி நின்றுவிட்டது. பயணிகள் எல்லோரும் புளியமரத்து நிழலுக்கு ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. பனைமர உயரம், கையில் நங்கூரம் பச்சை குத்திய வெள்ளைக்காரர். நேராக அடுப்புக்குப் பக்கத்தில் வந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சாமி முன்னால் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"யோவ், தள்ளி நில்லுய்யா! கோழியோட சேந்து நீயும் வெந்துடப் போறே!" என்று அக்கா கத்தினாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடி இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

அக்கா எனக்குப் போன் போட்டாள். "ஒய், சீக்கிரம் வா. ஒரு பைத்தியம் வந்திருக்கு. விட்டா அடுப்புக்கு முத்தம் குடுக்கும் போல!"

பைத்தியத்தின் பெயர் நார்மன். ஊர் இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி என்ற துறைமுகம். மீனை உறையவைக்கிற கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். உள்ளே ஐஸ், வெளியே வந்தால் கடல்காற்று. கல்யாணம் செய்துகொள்ளவே மறந்துபோனார். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் கலாசினில் குடியேறியிருந்தார், அவரைப் பார்க்க வந்த இடத்தில்தான் பஸ் நின்றது. பஸ்ஸைச் சரிசெய்து கிளப்பியபோது நார்மன் ஏறவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ஒரு மாதம் முழுக்கக் கோழி தின்றார்.

பேச்சுக்கு இருவருக்கும் நடுவில் அவர் போன்தான் தரகர். ஏதோ மனமுருகித் தட்டுவார். அது எங்கள் மொழியில், "உங்கள் முகம் நன்றாகக் கொதித்திருக்கிறது" என்று உரக்கப் படிக்கும். அக்கா வெட்கப்பட்டதை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். அடுப்புச் சிவப்புக்கு மேலே இன்னொரு சிவப்பு.

நார்மன் என்று ஊரில் யாருக்கும் வாயில் வரவில்லை. 'நோன்' என்று நிறுத்திக்கொண்டோம். எங்கள் பேச்சில் நோன் என்றால் தூக்கம். ஆக ஆறடி மனிதர் எங்களுக்குத் 'தூக்கப் பெரியப்பா' ஆனார். அவர் பங்குக்கு அக்காவை 'வாத்தே' என்று கூப்பிட்டார். அக்காவின் அம்மா புன்பெங் துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள்.

"எம் பொண்ணு நடக்கறது வாத்து மாதிரியா இருக்கு? கேளுடி அந்தாளை!"

கிரிம்ஸ்பியிலிருந்து அவருடைய அக்கா மொரீன் போனில் வந்து சமாதானம் செய்தாள். அவர்கள் பக்கத்தில் பிரியமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். கடைக்காரர், கண்டக்டர், பாதிரியார் எல்லோருமே வாத்துதானாம். சொல்லி முடித்து, "உங்களுக்கும் நல்லது நடக்கட்டும் வாத்தே" என்று புன்பெங்கம்மாவையும் சேர்த்துக்கொண்டாள். அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

கல்யாணம் நடந்தது. பதிவு செய்ய மாவட்ட அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் சின்னவன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை குடும்பப் பேரு சொல்லுங்க" என்றான்.

"ஹெபிள்த்வெய்ட்."

பேனாவை மூடினான். "இன்னொரு தடவ?"

"ஹெபிள்த்வெய்ட்."

"அக்கா, இப்பல்லாம் பொண்ணு தன் பேரையே வெச்சுக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு. உங்க பேரு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு இந்த வம்பு?"

"நல்லாருக்கே! மாப்பிள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போயிட்டு, பேர உங்கிட்டயே விட்டுட்டுப் போறதா? எழுதுறா தம்பி!"

மத்தியானம் வரை அலுவலகம் முழுக்கக் கூடி எழுத்துக் கூட்டியது. புது அடையாள அட்டையில் பெயர் ஓரம்வரை போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை அக்கா பஸ் கண்டக்டரிடம்கூடக் காட்டினாள்.

அதற்கப்புறம்தான் சங்கடம். புருஷன் இங்கிலாந்துக்காரர், இனி குளிருக்குப் போய்விடலாம் என்று அக்கா பெட்டியைத் துடைத்துவைத்தாள். அவரோ சூடான இடத்தில் பெண் கிடைத்துவிட்டாள், இனி செத்தாலும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒருவரையொருவர் எத்தனையோ கேட்டிருந்தார்கள், எந்த ஊரில் குடியிருப்பது என்ற ஒன்றைத் தவிர. போனும் மொழிபெயர்க்கவில்லை.

"அடுத்த வருஷம் போலாம்டி" என்பார் அவர். ஆமாம், 'டி'தான். எங்கள் பேச்சில் பெண்கள் வாக்கியத்தை முடிக்கிற விதம் வேறு, ஆண்கள் முடிக்கிற விதம் வேறு. அவர் பேசப் பழகியது பெண்டாட்டியிடமும் மாமியாரிடமும். அதனால் பச்சை குத்திய கையை ஆட்டி ஆட்டி, வெற்றிலைக்காரக் கிழவி மாதிரி பேசுவார். ஊர்த்தலைவரைப் பார்த்து, "என்னடியம்மா, மழை வருமா?" என்று கேட்பார். யாரும் திருத்தவில்லை. திருத்தினால் அப்புறம் பொழுது எப்படிப் போகும்?

அக்கா சும்மா இருக்கவில்லை. அங்கே மனைவியாகக் குடியேற இங்கிலீஷ் பேசிக் காட்டித் தேறவேண்டும். அடுப்பில் கோழி திரும்பும், கூடவே பாடமும் ஓடும். அவளுக்கு வாத்தியார் அவர் ஒருவர்தான். கோட்டு மாட்டிய பரிசோதகருக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் கிரிம்ஸ்பி மீன் கிடங்கு பாஷையில், "என்ன வாத்தே, சொகமா இருக்கியா?" என்று ஆரம்பித்தாளாம். அந்த மனிதருக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்றாம். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். ஃபேன் தூக்கிப் போனவனிலிருந்து தொடங்கிவிட்டாள். மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லையாம், மீதிக் கதையைக் கேட்க.

தேறிவிட்டாள்! சந்தோஷத்தில் டவுனிலிருந்து மோட்டார் ரிக்‌ஷா பிடித்து, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்து இறங்கினாள். இறங்கிய இடத்தில் இரண்டு எருமைகள் நின்றன.

"என்னது இது?"

"எருமைடி."

"எருமைன்னு தெரியுது. நம்ம வாசல்ல ஏன் நிக்குது?"

"நம்மளுதுதான். வாங்கிட்டேன். இவ பேரு டோரீன், அவ ஷீலா." முகமெல்லாம் பல்லாக நின்றார். டோரீனும் ஷீலாவும் அவருடைய அத்தைகளின் பெயராம்.

"நாம இங்கிலாந்து போறோம். நினைப்பு இருக்குல்ல?"

"போலாம்டியம்மா, போலாம். இதுங்க கன்னு போடட்டும், அப்புறம் போலாம்."

எங்கள் ஊரில் மண்டையில் ஒன்றும் ஏறாதவனைத் திட்ட எருமையை விட்டால் வேறு சொல் கிடையாது. அக்கா தெருவே கேட்கும்படி, "வீட்டுக்குள்ள ஒரு எருமை இருக்கறது பத்தாதுன்னு வாசல்ல ரெண்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் வழியாக ஒரு தலையணை பறந்து வந்தது. அவர் அதைப் பிடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் நடந்தார்.

எங்கள் ராசி, குடிநுழைவு அதிகாரிகள் மறுநாள் காலையே வந்துவிட்டார்கள். தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டுக்காரர் இங்கே இருக்க வருஷத்துக்கு ஒருமுறை அனுமதி நீட்டிக்க வேண்டும். உண்மையிலேயே குடும்பம் நடத்துகிறார்களா என்று சில சமயம் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டார் ஒருவர் சாட்சி. அந்தச் சாட்சி நான். வாடிக்கையாளர் தலையில் பாதிச் சாயத்தோடு உட்கார்ந்திருக்க, கையுறையோடு ஓடினேன்.

வந்தவர் தொந்தி சரிந்த ஒரு பெரிய அதிகாரி. பெயர் வினிட். கூடக் கேமராவோடு ஓர் இளம்பெண்.

"நீங்கதான் சாட்சியா? இவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்காங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் தொழுவத்திலிருந்து நார்மன் வந்தார். இடுப்பில் கட்டம்போட்ட துண்டு, தலையெல்லாம் வைக்கோல், கக்கத்தில் தலையணை. அதிகாரியைப் பார்த்ததும் பவ்யமாகக் கைகூப்பி, "வாங்கடியம்மா, சாப்பிட்டீங்களா?" என்றார்.

வினிட் எந்த அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"ராத்திரி எங்க படுத்தீங்க?"

"டோரீனோட."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "டோரீன் யாரு?"

"எருமைங்க!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "எருமை!"

"நான் அவர்கிட்ட கேக்கறேன். நீங்க கொஞ்சம் மரியாதையா பேசுங்க!"

அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். ஆவேசம் இன்னும் இறங்கவில்லை. "எழுதிக்கோங்க சார், நல்லா எழுதிக்கோங்க. எம் புருஷன் ராத்திரி எருமையோட படுத்தான். நான்தான் தொரத்துனேன். நாக்குத் தேயத் தேய இங்கிலீசு படிச்சு பாஸ் பண்ணிட்டு வந்தா, எனக்குப் பரிசு ரெண்டு எருமை! நீங்களே நியாயத்த சொல்லுங்க!"

"எருமை ரொம்ப சாதுடி" என்றார் நார்மன்.

"நீ பேசாத!"

"சேந்து ஒரு போட்டோ எடுக்கணும்" என்றார் வினிட், மெதுவாக. "கட்டில்ல உக்காந்த மாதிரி."

ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் புன்பெங்கம்மாவையும் உட்கார வைக்கலாம், அவ்வளவு இடம். கேமராப் பெண் கெஞ்சினாள்: "கொஞ்சம் நெருங்கி உக்காருங்கக்கா." "மாட்டேன்" என்றாள் அக்கா. அந்தச் சமயம் பார்த்து ஷீலா ஜன்னல் வழியாக மூஞ்சியை நீட்டி, அக்காவின் தோளில் ஒரு பெரிய மூச்சு விட்டது. அக்கா அலறிக்கொண்டு புருஷன் மடியில் போய் விழுந்தாள். கேமரா அப்போதுதான் சொடுக்கியது. அந்தப் பெண் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து அக்கா சிரித்தாள். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

வினிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய்க் கல்யாணம் நெறைய பாத்திருக்கேன்மா. அவங்க புடிச்ச கைய விடவே மாட்டாங்க. குளியலறைல ரெண்டு பிரஷ்ஷும் புத்தம் புதுசா நிக்கும். எருமைக்காக இப்படி அடிச்சுக்கறவங்க நெசமான புருஷன் பொண்டாட்டிதான். நான் எழுதிடறேன்."

போகும்போது வாசலில் நின்று டோரீனைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

அனுமதி வந்தது. ஆனால் அக்காவின் குளிர் வரவில்லையே. அவள் மொரீனுக்குப் போன் போட்டு, தான் படித்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டி அழுதாள். மொரீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவன் கெடக்கான் வாத்தே. குடியேறறதுக்குத்தான் அவனும் வரணும். விருந்தாளியா வர்றதுக்கு அவன் எதுக்கு? எங்க வீட்டுக்கு நீ மட்டும் கெளம்பி வா" என்றாள்.

சொல்வது சுலபம். விருந்தாளி விசா கேட்டால், நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்பார்கள். அந்த நாட்டுக்காரரையே கட்டிக்கொண்டு, அந்த நாட்டுக்கு விருந்தாளியாகப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? வீடு அம்மா பெயரில். கோழிக் கடை நெடுஞ்சாலைக்காரர்களின் நிலத்தில். என் பார்லரில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே தொழுவம் தெரிந்தது.

அக்கா மெல்லச் சொன்னாள்: "ஒய், எருமைய விட்டுட்டு யாராவது ஓடிப்போவாங்களா?"

நார்மன் துள்ளி எழுந்தார். பாவம், அவருக்கும் குற்ற உணர்ச்சி தின்றுகொண்டிருந்தது. அன்றே இரண்டையும் பெண்டாட்டி பெயருக்கு மாற்றினார். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நடுவில் அக்காவைப் பட்டுத்துணியோடு நிறுத்திப் படம் எடுத்தார். கால்நடை மருத்துவர் இரண்டும் சினையாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். இவற்றின் எஜமானி இவள்தான், இவள் கை பட்டால்தான் தீனி எடுக்கும் என்று ஊர்த்தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது மட்டும் கொஞ்சம் மிகை.

விசா கிடைத்தது! ஆறு மாதத்துக்கு! அக்கா பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தெருவில் ஆடினாள். புன்பெங்கம்மா ஆடினாள். ஒரு கையில் சீப்போடு நானும் ஆடினேன். நார்மனும் கூட ஆடினார், ஆனால் நடுவில் நின்றுவிட்டார். பெண்டாட்டி உண்மையிலேயே போகப்போகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜனவரியில் போனாள். போய்ச் சேர்ந்த அன்றே வீடியோ அழைப்பு வந்தது. கடற்கரை, சாம்பல் வானம், பொடிப்பொடியாய்ப் பனி. மூன்று கோட்டுக்குள்ளே அக்காவின் மூக்கு மட்டும் தெரிந்தது. கையுறையைக் கழற்றி வீசினாள். தொப்பியைக் கழற்றினாள். மொரீன் பின்னாலிருந்து கத்துகிறாள், இவள் கேட்கவில்லை.

"ஒ... ஒய்! ப-பல்லு... பல்லு அ-அடிக்குதுடி! கேளு! கே-கேக்குதா?" என்று போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். கேட்டது. டகடகவென்று தையல் மெஷின் மாதிரி. அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

சும்மா இருக்கிற கையா அவளுடையது? இரண்டாவது வாரமே மொரீன் வீட்டுக் கொல்லையில், பனிக்கு நடுவில், பழைய எண்ணெய் டின்னை அறுத்து அடுப்பு செய்து கோழி வாட்டினாள். அந்த அடுப்பின் எதிரே நின்றும் முதுகு குளிர்ந்தது அவளுக்குப் பேரின்பம். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். சைரனோடு வந்தவர்கள் ஆளுக்கொரு கோழிக்கால் கடித்துக்கொண்டு நின்றார்கள். காசு கொடுக்க வந்தவரை அக்கா விரட்டினாள்: "வேணாம் வாத்தே! விருந்தாளி சம்பாதிக்கக் கூடாதுன்னு விசால போட்டிருக்கு. சும்மா தின்னு!"

இங்கே நார்மன் இளைத்துப்போனார். சாயங்காலமானால் அக்காவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "அந்த ஏசிய நிறுத்துடி" என்பார். புன்பெங்கம்மா, "பேருதான் தூக்கம். இந்தாளு கண்ணு மூடி எத்தன நாளாச்சு? ராத்திரியெல்லாம் கூடத்துல நடக்கறாரு. எனக்கும் தூக்கம் போச்சு" என்று முறையிட்டாள்.

ஒருநாள் காலை, டவுனில் பழைய துணி விற்கிற சந்தையிலிருந்து நாலு ஸ்வெட்டரோடு என் பார்லருக்கு வந்தார். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். அந்த வெயிலில் நாற்காலியிலிருந்து வியர்வை சொட்டியது.

"எருமைய பாத்துக்கறியாடி ஒய்?"

"பாத்துக்கறேன். திரும்பி வர்றதுக்கு முத்திரை வாங்கினீங்களா?"

திருதிருவென்று விழித்தார். அந்த முத்திரை இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் வருஷ அனுமதி அப்படியே செத்துப்போகும். வினிட் ஐயா, எருமை, ஜன்னல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. "ஓடுங்க!" என்றேன். ஸ்வெட்டரைக் கழற்றாமலே மோட்டார் சைக்கிளில் ஏறி ஓடினார். வாங்கிக்கொண்டு, அன்றே பாங்காக் போய், விமானமும் ஏறிவிட்டார்.

கிரிம்ஸ்பியில் கதவைத் திறந்தது அக்காதான். மொரீன் ஒளிந்து நின்று படம் பிடித்து அனுப்பினாள். இனி இந்தக் குளிரில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர், மூக்கு சிவந்து, நாலு ஸ்வெட்டரில் பீப்பாய் மாதிரி நிற்கிறார். அக்கா அவரை மேலும் கீழும் பார்க்கிறாள். அப்புறம் சொல்கிறாள்: "உள்ள வந்து கதவ சாத்துய்யா. குளிரெல்லாம் வெளிய போவுது!"

சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்ததை மொரீன் படம் பிடிக்கவில்லை. நல்ல பெண்மணி.

சித்திரையில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னாலேயே இருவரும் திரும்பிவிட்டார்கள். குடியேறுகிற பேச்சை இப்போது இருவரும் எடுப்பதில்லை. வருஷம் பிறந்ததும் அங்கே போவார்கள், வெயில் ஏறியதும் இங்கே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் விசா, முத்திரை, மொழிபெயர்ப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டு சண்டை போடுவார்கள். பெட்டியில் மீன்சாஸ் பாட்டில் உடையும். ஒட்டரிசி மூட்டைக்கு எடை கூடும். அவர் இங்கே அடுப்படியில் உட்கார்ந்து கோழியைப் புரட்டுகிறார். அவள் அங்கே ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறாள்.

இந்தத் தடவை மொரீனும் கூட வந்திருக்கிறாள். வந்த மறுநாளே என் பார்லருக்கு வந்து, கத்தரிப்பூ நிறத்தில் தலைக்குச் சாயம் கேட்டாள். போட்டுவிட்டேன். எழுபது வயசுக்குப் பிரமாதமாக இருந்தது. தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள். நேற்று புன்பெங்கம்மா வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் அதே கலர். ஆனா அவளைவிட ஒரு சொட்டு கூடுதலா போடு."